பின்தங்கியே ஜெயித்தவர்: சியாட்டில் கவுன்சிலர் க்ஷமா சாவந்தின் தேர்தல் கணக்கு

நீங்கள் கேட்டது இது: "தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த், அமெரிக்காவின் இரண்டு பெரிய கட்சிகளிலும் சேராமல் சியாட்டிலில் பத்து வருஷம் கவுன்சிலராக இருந்தாராம். எப்படி ஜெயித்தார், உருப்படியாக என்ன செய்தார், அமேசானே அவரைத் தோற்கடிக்கப் பணம் இறக்கியது உண்மையா?" மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஒன்பது பேர் கொண்ட மன்றத்தில் ஒற்றை வாக்கை மட்டும் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு உண்மையில் எவ்வளவு பலம்? நான் பொது நிர்வாகம் படித்தவன். சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலத்து நகராட்சிகளின் வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. அவருடைய வார்டில் நான் குடியிருந்ததில்லை, அவருடைய கட்சிக்காரனும் இல்லை. அவர் செய்ததில் பாதியை ரசித்தவன், மீதியில் தலையில் அடித்துக்கொண்டவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஆளைப் பற்றி. 1973இல் புனேயில் பிறந்தவர், வளர்ந்தது மும்பை. அப்பா பொறியாளர். க்ஷமாவுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் அப்பா இறந்துபோனார். மும்பைப் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்து, திருமணத்துக்குப் பின் அமெரிக்கா வந்தார். வந்த இடத்தில் கணினியை விட்டுவிட்டுப் பொருளாதாரத்துக்கு மாறி, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். சியாட்டிலுக்கு வந்து கல்லூரிகளில் பகுதிநேரமாகப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 2010இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 'சோஷலிஸ்ட் ஆல்டர்நேட்டிவ்' என்ற சிறிய இடதுசாரி அமைப்பில் சேர்ந்தார். அதனால் 'இரண்டு பெரிய கட்சிகளிலும் சேராமல்' என்று நீங்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அவருக்கும் கட்சி இருந்தது, ஆனால் மிகச் சிறியது. பின்னால் வருகிற நல்லது கெட்டது இரண்டுக்கும் அந்த அமைப்பு ஒரு முக்கியக் காரணம்.

அங்கே கவுன்சிலர் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நம்மூர் வார்டு கவுன்சிலரை மனதில் வைத்துக்கொண்டு படிப்பீர்கள். 2020 கணக்கெடுப்பின்படி சியாட்டிலின் மக்கள்தொகை சுமார் 7.37 லட்சம். அவ்வளவு பேருக்கும் ஒன்பது உறுப்பினர்கள்தான். சென்னை மாநகராட்சியில் 200 வார்டு என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மன்றம் தனியாகச் சட்டம் இயற்றுகிறது, பட்ஜெட்டைத் திருத்துகிறது, நகரத்துக்கென்று குறைந்தபட்ச ஊதியமே நிர்ணயிக்கிறது. நம்மூரில் அந்த அதிகாரம் மாநில அரசிடம் இருக்கிறது. 2014 வாக்கில் அங்கே உறுப்பினருக்கு ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய 1,17,000 டாலர். சாவந்த் அதில் 40,000 டாலரை மட்டும் தனக்கு எடுத்துக்கொண்டு, வரி போக மிச்சத்தை போராட்ட நிதிக்குக் கொடுப்பதாக அறிவித்து, அதைத் தொடர்ந்தும் செய்தார். இன்னொரு விஷயம்: நகரத் தேர்தலில் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. சின்னமும் இல்லை, கட்சிப் பெயரும் இல்லை என்றால் புது ஆளுக்கு அது பாதகம் என்று தோன்றும். இவர் விஷயத்தில் நேர்மாறாகத்தான் வேலை செய்தது. ஜனநாயகக் கட்சிக்கே கண்ணை மூடிக்கொண்டு போடுகிற ஊரில், 'இவர் ஜனநாயகக் கட்சி இல்லை' என்று வாக்குச்சீட்டு சொல்லவில்லை.

முதல் போட்டி 2012இல், மாநிலக் கீழவைக்கு. இது கட்சிப் பெயர் போட்டு நடக்கும் தேர்தல். ஒரு இடத்துக்கு மனுப் போட்டிருந்தார். அதே தொகுதியின் இன்னொரு இடத்தில் அவையின் சபாநாயகரான ஃபிராங்க் சாப் நின்றார். உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்று, அந்த இடத்துக்கு சாவந்தின் பெயரைக் கையால் எழுதி வாக்களியுங்கள் என்று வாசகர்களைத் தூண்டிவிட்டது. முதற்கட்டத் தேர்தலில் இரண்டு இடத்திலும் அவர் அடுத்த சுற்றுக்குத் தேறிவிட்டார்! ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றதும் சபாநாயகரோடு மோதுவதைத் தேர்ந்தெடுத்தார். தோற்றார், ஆனால் சுமார் 29 சதவீதம் வாங்கினார். எங்கள் துறையில் இந்தத் தேர்தலை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் அடுத்து நடந்த எல்லாவற்றுக்கும் விதை இதில்தான். எளிதான இடத்தை விட்டுவிட்டுப் பெரிய தலையோடு மோதினால் தோல்வியிலும் பெயர் கிடைக்கும் என்பதை அவருடைய குழு அப்போதே புரிந்துகொண்டது.

2013இல் நகர மன்றம். எதிரே ரிச்சர்ட் கான்லின், 16 வருஷமாக உறுப்பினர், மன்றத் தலைவராகவும் இருந்தவர், சுற்றுச்சூழல் ஆர்வலர், யாருக்கும் கெட்டவர் இல்லை. அவரைப் போன்றவரை அந்த ஊரில் தோற்கடிக்கக் காரணமே கிடைக்காது. ஆனால் ஒரு காரணம் இருந்தது: 2011இல் தொழிலாளருக்குச் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்புச் சட்டம் மன்றத்துக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் அவர்தான். சாவந்த் அதைப் பிடித்துக்கொண்டார். கூடவே, மணிக்கு 15 டாலர் குறைந்தபட்ச ஊதியம் என்ற ஒற்றைக் கோரிக்கையை எல்லாப் பதாகையிலும் போட்டார். அப்போது மாநிலத்தின் குறைந்தபட்ச ஊதியம் ஒன்பது டாலர் சொச்சம். துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த வருடம் அது. பக்கத்து ஊரான சீடாக்கில் விமான நிலையம் சார்ந்த தொழிலாளருக்கு 15 டாலர் கேட்டு அதே நாளில் பொது வாக்கெடுப்பும் நடந்தது. காற்று அந்தப் பக்கம் வீசத் தொடங்கியிருந்தது. அவர் அதைக் கிளப்பிவிடவில்லை, ஆனால் எல்லாருக்கும் முன்னால் பாய் விரித்தார்.

இப்போது நீங்கள் கேட்ட 'எப்படி ஜெயித்தார்' என்பதன் மையத்துக்கு வருகிறேன். வாஷிங்டன் மாநிலத்தில் வாக்குச்சாவடி என்பதே கிட்டத்தட்ட இல்லை. எல்லாருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கு வரும். நிரப்பி, உறையில் கையெழுத்துப் போட்டு, தபாலிலோ தெருவோரம் வைத்திருக்கும் வாக்குப் பெட்டியிலோ சேர்க்க வேண்டும். தேர்தல் நாள் தபால் முத்திரை இருந்தால் போதும், உறை இரண்டு மூன்று நாள் கழித்து வந்தாலும் எண்ணுவார்கள். ஆகவே தேர்தல் இரவு வெளியாகும் எண்ணிக்கை முதல் தவணை மட்டுமே. சீக்கிரம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், சொந்த வீடு உள்ளவர்கள். கடைசி நாளில் ஓடி வந்து பெட்டியில் போடுகிறவர்கள் இளைஞர்கள், வாடகைக்குக் குடியிருப்போர். சியாட்டிலில் பின்னால் எண்ணப்படும் வாக்குகள் இடதுபக்கம் சாயும் என்பது தேர்தல் தேர்தலாகப் பார்த்து உறுதியான போக்கு. 2013 தேர்தல் இரவில் சாவந்துக்கு 46 சதவீதம்தான். பத்திரிகைகள் பாதி இரங்கல் எழுதிவிட்டன. தினமும் மாலை நான்கு மணி வாக்கில் புது எண்ணிக்கை வரும், தினமும் இடைவெளி குறையும். பத்து நாளில் கான்லின் தோல்வியை ஒப்புக்கொண்டார். இறுதி வித்தியாசம் மூவாயிரத்துச் சொச்சம் வாக்கு. 1916இல் பள்ளி வாரியத்துக்கு அன்னா லூயிஸ் ஸ்ட்ராங் ஜெயித்த பிறகு, நகரம் முழுவதும் வாக்களித்து ஒரு சோஷலிஸ்டைத் தேர்ந்தெடுத்தது அதுவே முதல் முறை.

இதை வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடக் கூடாது. தாமதமாகப் போடுகிறவர்கள் தாமாகவே போட்டுவிடமாட்டார்கள். அவர்களைப் போட வைக்க வேண்டும். வீடு வீடாகக் கதவு தட்டுவதும், தொலைபேசியில் அழைப்பதும், 'வாக்குச்சீட்டு மேஜை மேலேயே கிடக்கிறதா' என்று கடைசி நாள் வரை கேட்டுக்கொண்டே இருப்பதும் ஆள்பலம் கேட்கும் வேலை. இன்னொரு நுணுக்கம்: உறையில் உள்ள கையெழுத்து, பதிவேட்டில் உள்ளதோடு பொருந்தாவிட்டால் அந்த வாக்கை நிறுத்திவைப்பார்கள். வாக்காளர் படிவம் நிரப்பிச் சரிசெய்தால் எண்ணுவார்கள். அப்படி நிறுத்தப்பட்டோர் பட்டியல் வேட்பாளர்களுக்குக் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆளைத் தேடிப் போவது ஒரு தனிக் கலை. நம்மூர் பூத் கமிட்டிக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை, கேட்டவுடன் புரிந்துகொள்வார்கள். கட்டுக்கோப்பான ஒரு சிறிய அமைப்பு, பெரிய கட்சியைவிட இந்த வேலையை நன்றாகச் செய்யும். சாவந்தின் அமைப்பு நாட்டின் பல ஊர்களிலிருந்து முழுநேர ஊழியர்களைக் கொண்டுவந்து இறக்கியது.

அதே 2013 தேர்தலில் இன்னொன்றும் நடந்தது. ஒன்பது உறுப்பினர்களையும் நகரம் முழுவதும் தேர்ந்தெடுத்துவந்த முறையை மாற்றி, ஏழு வார்டு, இரண்டு பொது இடம் என்று ஆக்கும் சாசனத் திருத்தத்துக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். அது 2015இல் நடைமுறைக்கு வந்தது. சாவந்த் மூன்றாவது வார்டில் நின்றார். கேப்பிடல் ஹில்லின் வாடகை அடுக்ககங்கள், கறுப்பினத்தவரின் பழைய குடியிருப்பான சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட், இவற்றோடு ஏரிக்கரைப் பணக்காரர்களின் மாளிகைகளும் அதே வார்டில்தான். நகர்ப்புற லீக் என்ற அமைப்பின் உள்ளூர்த் தலைவராயிருந்த பமேலா பேங்க்ஸ் எதிர்த்து நின்றார். 'இவர் உலக அரசியல் பேசுகிறார், வார்டைக் கவனிப்பதில்லை' என்பது பேங்க்ஸின் வாதம். சாவந்த் சுமார் 56 சதவீதம் வாங்கினார். அவருடைய நான்கு வெற்றிகளில் மூச்சு வாங்காமல் கிடைத்தது இது ஒன்றுதான்.

ஏன் அவ்வளவு சுலபம்? ஏனென்றால் 15 டாலர் சட்டம் ஆகிவிட்டிருந்தது. எதை அவர் கணக்கில் எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று இங்கேதான் கவனமாகப் பிரிக்க வேண்டும். உறுதியானவை இவை: 2014 ஜூன் 2ஆம் தேதி மன்றம் 9-0 என்று சட்டத்தை நிறைவேற்றியது. பெரிய நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகளிலும் சிறியவற்றுக்கு அதைவிட நீண்ட காலத்திலும் படிப்படியாக உயரும் ஏற்பாடு. வரைவு சாவந்துடையது அல்ல. மேயர் எட் மரே அமைத்த, முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்த குழு பேரம்பேசி உருவாக்கியது. சாவந்தும் அந்தக் குழுவில் இருந்தார். படிப்படி ஏற்பாட்டையும், பயிற்சிக் காலத்தில் குறைந்த கூலி தரலாம் என்ற விலக்கையும் நீக்க அவர் கொண்டுவந்த திருத்தங்கள் தோற்றன. ஆனாலும் சட்டத்துக்கு ஆதரவாகவே வாக்களித்தார். அதே நேரம் வெளியே அவருடைய ஆட்கள், 'குழு இழுத்தடித்தால் நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்குப் போவோம்' என்று அதற்கான ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தார்கள். அந்த மிரட்டல் இல்லாவிட்டால் குழு அவ்வளவு சீக்கிரம் உடன்பட்டிருக்குமா என்பதுதான் சந்தேகத்துக்குரியது. என் ஊகம், உடன்பட்டிருக்காது. தொழிற்சங்கத் தலைவர்கள் சிலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான்.

அந்தச் சட்டத்தின் விளைவு என்ன என்பதிலும் ஒரு மனதான தீர்ப்பு இல்லை. 2017இல் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு ஆய்வுகள் வந்தன. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு, உணவகத் தொழிலாளரின் கூலி கூடியது, வேலை குறையவில்லை என்றது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு, 13 டாலர் படியை எட்டியபோது குறைந்த கூலி வேலைகளின் மணி நேரங்கள் சுமார் 9 சதவீதம் குறைந்தன என்றது. இரண்டும் வேறு வேறு தரவை வேறு வேறு முறையில் பார்த்தவை. அடுத்த வருடம் அதே வாஷிங்டன் குழு, அனுபவமுள்ள தொழிலாளர்கள் ஆதாயம் பெற்றார்கள், புதிதாக வேலைக்கு வருவோருக்குத்தான் வாய்ப்பு சுருங்கியது என்று தன் முடிவை நுணுக்கியது. யாராவது 'ஊரே நாசமாயிற்று' என்றோ 'ஒருவருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை' என்றோ அடித்துச் சொன்னால், ஒரு ஆய்வை மட்டும் படித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025இல் சியாட்டிலின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20.76 டாலர்.

அமேசான் விவகாரம். உண்மைதான், ஆனால் 'அவரைத் தோற்கடிக்க' என்று மட்டும் சொல்வது முழுமையில்லை. 2018 மே மாதம், பெரிய நிறுவனங்கள் ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 275 டாலர் கட்ட வேண்டும் என்று மன்றம் 9-0 என்று வரி போட்டது. வீடற்றோருக்கு வீடு கட்டத்தான் பணம். நிறுவனங்கள் கொதித்தன, வரியை ரத்து செய்ய மக்கள் வாக்கெடுப்புக்குக் கையெழுத்து திரண்டது. ஒரே மாதத்தில் அதே மன்றம் 7-2 என்று வரியை ரத்து செய்தது. எதிர்த்த இருவரில் ஒருவர் சாவந்த். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஏழு வார்டுகளும் போட்டிக்கு வந்தபோது, வணிகர் சங்கத்தின் தேர்தல் நிதிக்கு அமேசான் மொத்தமாக ஏறக்குறைய 15 லட்சம் டாலர் கொடுத்தது. அதில் பத்து லட்சம் கடைசி மாதத்தில் ஒரே தவணையாக வந்தது. அந்தத் தேர்தலில் வேட்பாளருக்கு நேரடியாக 500 டாலருக்கு மேல் கொடுக்க முடியாது. ஆனால் வேட்பாளரோடு கலந்தாலோசிக்காமல் தனியாகச் செலவழிக்கும் குழுக்களுக்கு உச்சவரம்பு கிடையாது, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2010 தீர்ப்பு அப்படி. அந்தப் பணம் ஏழு வார்டுகளுக்கும் பிரிந்து போனது, சாவந்தின் வார்டுக்கு மட்டுமல்ல.

அந்த முறை எதிரே நின்றவர் ஈகன் ஓரியன். தேர்தல் இரவில் சாவந்த் எட்டுப் புள்ளி பின்தங்கியிருந்தார். மறுபடியும் அதே கதை: நாளுக்கு நாள் ஏறி, கடைசியில் சுமார் 52 சதவீதம். வணிகர் சங்கம் ஆதரித்தவர்கள் ஏழில் இரண்டு இடத்தில்தான் ஜெயித்தார்கள். அமேசான் பணமே அவர்களுக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன், இன்றும் ஓரளவு நம்புகிறேன். ஆனால் இதை நிரூபிக்க வழியில்லை. பிந்திய வாக்குகள் 2013இலேயே இடதுபக்கம் சாய்ந்தவைதானே, அப்போது அமேசான் பணம் எங்கே இருந்தது? நிச்சயமாகச் சொல்லக்கூடியது ஒன்று: அந்தப் பத்து லட்சம், சோம்பேறி வாக்காளரை எழுப்பச் சாவந்தின் தொண்டர்கள் கையில் ஒரு துண்டறிக்கையைக் கொடுத்தது. தேர்தல் முடிந்து இரண்டே மாதத்தில், வெளிநாட்டார் பங்கு குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ள நிறுவனங்கள் நகரத் தேர்தலில் பணம் போட மன்றம் தடை போட்டது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: சாவந்துக்கு வந்த நன்கொடையிலும் கணிசமான பங்கு சியாட்டிலுக்கு வெளியிலிருந்து வந்தது. வாக்காளர் ஒவ்வொருவருக்கும் நகராட்சி நான்கு 25 டாலர் கூப்பன் கொடுத்து, பிடித்த வேட்பாளருக்கு அளிக்கச் சொல்லும் அருமையான திட்டம் அங்கே உண்டு. அதில் சேர்ந்தால் செலவுக்கு உச்சவரம்பு வரும் என்பதால் 2019இல் சாவந்த் சேரவில்லை.

2020 ஜூலையில் பெரிய நிறுவனங்களின் உயர் சம்பளங்கள் மீது சம்பள வரி 7-2 என்று நிறைவேறியது. ஆண்டுக்கு இருபது கோடி டாலருக்கு மேல் வரும் என்று மதிப்பிட்டார்கள். இதுவும் சாவந்தின் வரைவு அல்ல, சக உறுப்பினர் தெரேசா மொஸ்கேடா கொண்டுவந்தது. சாவந்த் அதைவிடப் பெரிய வரியைக் கேட்டு, அதை நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோக 'அமேசானுக்கு வரி போடு' என்ற முன்மொழிவுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். 15 டாலரின் அதே தாளம் உங்களுக்குக் கேட்கிறதல்லவா? ஒருவர் வெளியே நின்று அதிகமாகக் கேட்கிறார், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து எட்டக்கூடியதை எழுதுகிறார், சட்டம் ஆகிறது. ஒன்பதில் ஒரு வாக்கின் பலம் எவ்வளவு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். மன்றத்துக்குள் அவருக்குத் தனிப்பெரும் பலம் இருந்ததில்லை, சக உறுப்பினர்களோடு உறவும் பெரும்பாலும் கசப்பு. பேரம் எந்தக் கோட்டில் தொடங்க வேண்டும் என்பதை நகர்த்துவதில்தான் அவர் கெட்டிக்காரர். அந்த வழி எட்டாத இடங்களும் இருந்தன. வாடகைக் கட்டுப்பாடு அவருடைய முதல் நாள் வாக்குறுதி. மாநிலச் சட்டம் 1981 முதல் நகரங்களுக்கு அதைத் தடை செய்திருக்கிறது. மாநிலத் தடை நீங்கினால் அமலுக்கு வரட்டும் என்று 2023இல் அவர் கொண்டுவந்த சட்டமும் 6-2 என்று தோற்றது.

அடுத்தது 2021இன் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு, அதாவது பதவிக்காலம் முடியும் முன்பே ஒருவரை நீக்கலாமா என்று வாக்காளரிடம் கேட்பது. இந்தப் பகுதிதான் எனக்கு எப்போதும் சுவாரசியம். வாஷிங்டனில் பிடிக்கவில்லை என்பதற்காக ஒருவரைத் திரும்ப அழைக்க முடியாது. பதவிப் பிரமாணத்தை மீறினார், முறைகேடு செய்தார் என்று குறிப்பான குற்றச்சாட்டு வேண்டும். அது போதுமானதா என்று நீதிமன்றம் பார்க்கும். உண்மையா என்று பார்க்காது, அதை வாக்காளருக்கு விட்டுவிடும். சாவந்த் மீது மூன்று குற்றச்சாட்டுகளை மாநில உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த அமேசான் வரி முன்மொழிவுக்கு நகராட்சி வளங்களைப் பயன்படுத்தியது, கொரோனாவால் மூடியிருந்த நகர மன்றக் கட்டடத்தை 2020 ஜூனில் போராட்டக்காரர்களுக்குத் திறந்துவிட்டது, முகவரி ரகசியமாக வைக்கப்பட்டிருந்த மேயர் ஜென்னி டர்கனின் வீட்டுக்குப் போன பேரணியில் பங்கு. முதல் விஷயத்தில் நகர நெறிமுறை ஆணையத்துக்கு அபராதமும் கட்டினார், ஆகவே அதைப் புனைந்த குற்றச்சாட்டு என்று சொல்ல முடியாது. வேலைக்கு ஆள் எடுக்கும் முடிவுகளைத் தன் கட்சியிடம் விட்டுவிட்டார் என்ற நான்காவது குற்றச்சாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் சட்டப்படி நிற்காவிட்டாலும், அலுவலகம் யாருக்குப் பதில் சொல்கிறது என்ற அந்தக் கேள்வி நிர்வாகம் பார்க்கிறவனாக எனக்கு மற்ற மூன்றைவிட முக்கியமாகப் பட்டது.

கையெழுத்து திரட்டும்போது ஒரு வேடிக்கை நடந்தது. பதவி இறக்க மனுவில் சாவந்தே கையெழுத்துப் போட்டார், தன் ஆதரவாளர்களையும் போடச் சொன்னார்! கிறுக்குத்தனம் இல்லை. நவம்பர் பொதுத் தேர்தலோடு வாக்கெடுப்பு வந்தால் எல்லாரும் வாக்களிப்பார்கள், தனியாக வந்தால் கூட்டம் குறையும், குறைந்தால் தனக்கு ஆபத்து என்ற கணக்கு. அது பலிக்கவில்லை. எதிர்த்தரப்பு கையெழுத்தைத் தாமதமாகத்தான் கொடுத்தது, வாக்கெடுப்பு டிசம்பர் 7ஆம் தேதிக்குப் போனது. ஒரு மாதத்துக்கு முன் நடந்த நகரத் தேர்தலில் ஊர் நடுப்பாதைக்குச் சாய்ந்திருந்தது வேறு. சாவந்தின் தொண்டர்கள் தெருவோரக் கூடாரங்களில் அச்சுப்பொறி வைத்து, வாக்குச்சீட்டைத் தொலைத்தவர்களுக்கு மாற்றுச் சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். சட்டத்தில் அதற்கு இடமுண்டு. முதல் இரவில் 'இறக்கு' என்ற பக்கம் 53 சதவீதம். இறுதியில் 310 வாக்கில் தப்பித்தார். மொத்தம் நாற்பதாயிரத்துச் சொச்சம் வாக்கில் 310! எதிரே வேட்பாளர் இல்லாத, ஆமா இல்லையா என்று மட்டும் கேட்கும் தேர்தலில் அது சாதனைதான். ஆனால் வார்டில் பாதிப் பேர் அவர் போகட்டும் என்றார்கள் என்பதும் அதே எண் சொல்வதுதான். நம்மூரில் இது நடக்குமா என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: தமிழ்நாட்டில் கவுன்சிலரை வாக்காளர் திரும்ப அழைக்கச் சட்டத்தில் வழியில்லை. மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் நகராட்சித் தலைவர்கள் விஷயத்தில் அந்த ஏற்பாடு உண்டு.

நம்மவர்களுக்கு அவர் பெயர் தெரிந்தது பெரும்பாலும் 2023 பிப்ரவரி 21ஆம் தேதிதான். சாதிப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தை சியாட்டில் 6-1 என்று நிறைவேற்றியது, அமெரிக்க நகரங்களில் முதலாவதாக. இது அவரே எழுதி அவரே கொண்டுவந்து ஜெயித்தது. அம்பேத்கரிய அமைப்புகள் திரண்டு ஆதரித்தன, சில இந்து அமைப்புகள் தங்கள் சமூகத்தைத் தனியாகக் குறிவைப்பதாக எதிர்த்தன. தான் பிராமணக் குடும்பத்தில் பிறந்ததையும் வீட்டில் பார்த்த சாதித் திமிரையும் அவரே மேடையில் பேசியிருக்கிறார். அதே வருடம் கலிஃபோர்னியாவில் இதுபோன்ற மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, ஆளுநரின் மேஜையில் ரத்தானது. ஒன்பது பேர் கொண்ட மன்றத்தில் முடிந்தது, பெரிய மாநிலத்தில் முடியவில்லை. உள்ளூர் மன்றங்களை ஏன் அற்பமாக நினைக்கக் கூடாது என்று மாணவர்களிடம் பேசும்போது நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

அந்தச் சட்டத்துக்கு முந்தைய மாதமே, மறுபடி நிற்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார். தோல்வி பயமா, அலுப்பா என்று ஊகிப்பவர்கள் உண்டு. அவர் சொன்ன காரணம், தொழிலாளர் இயக்கம் ஒன்றைக் கட்டப்போவதாக. 2024 ஜனவரியில் அவர் இடத்துக்கு ஜாய் ஹாலிங்ஸ்வொர்த் வந்தார். 2025இல், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் ஜனநாயகக் கட்சியின் நீண்டகால உறுப்பினரான அடாம் ஸ்மித்தை எதிர்த்து 2026 தேர்தலில் சுயேச்சையாக நிற்பதாக சாவந்த் அறிவித்தார். பழைய உத்தி அங்கே செல்லுமா என்று யோசிப்பவர்கள் மூன்று விஷயத்தைப் பாருங்கள். காங்கிரஸ் தொகுதி என்பது ஏழரை லட்சம் பேர், கதவு தட்டி முடியாத அளவு. வாக்குச்சீட்டில் எதிராளியின் கட்சி அச்சாகியிருக்கும். ஆகஸ்ட் முதற்கட்டத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால்தான் நவம்பருக்கே போக முடியும், அந்த ஆகஸ்டில்தான் பிந்தி வாக்களிக்கும் இளைஞர்கள் மிகக் குறைவாக வருவார்கள்.